மண்ணெண்ணெய் வாளியில் திறந்த நாவல்: வெள்ளவத்தை வாசிப்பு வட்டமொன்றின் நிகழ்வு ஆய்வு

2023 தை மாதத்திலிருந்து சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம் வரை, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டு விறாந்தையில், பதினொரு பிள்ளைகளுடன் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரே நாவலை வாசித்தேன். தரம் 9 இலும் 10 இலும் படிக்கும் பிள்ளைகள். பாதிப்பேர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்; மற்றவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சி, மன்னார், ஹட்டன் பக்கங்களிலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ வந்து வாடகை அனெக்ஸ்களில் இருப்பவை. நாவல், அமெரிக்க எழுத்தாளர் கரென் ஹெஸ் 1997 இல் வெளியிட்ட ‘அவுட் ஒஃப் த டஸ்ட்’. மறு ஆண்டு அதற்கு அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. ஆங்கிலத்தில் வாசித்தோம், தமிழில் பேசினோம், மனதில் நின்ற பகுதிகளைத் தமிழாக்கிப் பார்த்தோம். புத்தகத்தின் பிரதிகள் இரண்டுதான் இருந்தன. ஆகவே பெரும்பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சிறு சிறு வரிகளாக உடைந்த வசனகவிதையில் எழுதப்பட்ட நாவல் என்பதால் அது காதுக்கு நன்றாகவே பொருந்தியது.

நெருக்கடிக் காலத்துப் பண்ணை வாழ்வைச் சொல்லும் ஒரு சிறுவர் நாவலை, தாங்களே 2022 இன் பொருளாதார நெருக்கடியிலிருந்து இன்னும் முழுதாக வெளியேறாத பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள் என்பதே என் கேள்வி. பட்டறிந்தவர்களுக்கு வாசிப்பு இலகுவாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முதல் நான்கு வாரங்களும் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. அதற்கான காரணத்தையும், பிறகு வாசிப்பு திரும்பிய இடத்தையும் பதிவு செய்வதற்காக இதை எழுதுகிறேன்.

கதை

ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில், வாணலியின் கைப்பிடிபோல நீண்டு கிடக்கும் சிமரன் மாவட்டத்தில், பில்லி ஜோ என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தன் தாய் தந்தையோடு ஒரு கோதுமைப் பண்ணையில் வாழ்கிறாள். காலம் 1934, 1935. மழை இல்லை, விதைத்தது முளைத்தால் காற்று அறுத்துக்கொண்டு போகிறது. தந்தை அரசாங்கக் கடன் வாங்கி மறுபடியும் விதைக்கிறார். தாய் நட்ட இரண்டு அப்பிள் மரங்களும் ஒரு பியானோவும்தான் வீட்டில் மகிழ்ச்சி தரும் பொருட்கள். ஒருநாள் தந்தை அடுப்பருகே வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெய் வாளியைத் தண்ணீர் வாளி என்று நினைத்துத் தாய் கோப்பிக்கு ஊற்ற, தீ மூள்கிறது. தாய் வெளியே ஓட, எரியும் வாளியை அப்புறப்படுத்தச் சிறுமி தூக்கி வாசலுக்கு வெளியே எறிகிறாள். அந்த நேரத்தில் தாய் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். கர்ப்பிணியான தாய் பிரசவத்தோடு இறக்கிறாள், குழந்தையும் தங்கவில்லை. பியானோ வாசித்த சிறுமியின் கைகள் வெந்துபோகின்றன. மிச்சக் கதை, ஒரே வீட்டுக்குள் பேசாமல் வாழும் தந்தையும் மகளும் ஒருவரையொருவர் மன்னிக்க எடுக்கும் காலம்.

‘பாவம்’ என்ற சொல்

முதல் அமர்வில் நான் செய்தது ஒரு விரிவுரை. அமெரிக்க வரைபடத்தை விரித்து, முதலாம் உலகப்போரின்போது கோதுமைக்கு ஏற்பட்ட கிராக்கியையும், எருமைப்புல் மூடிக்கிடந்த சமவெளியை உழவு இயந்திரங்கள் கிழித்துப் போட்டதையும், பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாத மண் வறட்சியில் கிளம்பி 1934 மே மாதத்தில் நியூயோர்க் வரை போய் விழுந்ததையும், பெரும் புழுதிப்புயல் வீசிய 1935 ஏப்ரல் 14 ஆம் திகதிக்குக் கறுப்பு ஞாயிறு என்று பெயர் வந்ததையும் முக்கால் மணித்தியாலம் சொன்னேன். பிள்ளைகள் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார்கள். அடுத்த வாரம் கொப்பிகளை வாங்கிப் பார்த்தபோது, நாவலைப் பற்றிய பகுதியில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட சொல் ‘பாவம்’. சிறுமி பாவம், தாய் பாவம், அந்த மக்கள் பாவம்.

அந்த இரக்கம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘பாவம்’ என்று எழுதியவுடன் கொப்பி மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு கேட்பதற்குக் கேள்வி இருப்பதில்லை. காரணங்கள் அனைத்தையும் நானே முதலில் அடுக்கி வைத்துவிட்டதால், பிள்ளைகளுக்குக் கண்ணீர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இது என் பிழை.

கவிழ்த்து வைத்த கோப்பைகள்

இரண்டாவது தடை நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நாவலின் தொடக்கத்தில், மேசையில் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்யும்போது தட்டுகளையும் கிளாசுகளையும் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது தாயின் விதி. உணவு வரும் வரை மண் விழாமலிருப்பதற்காக அது. அமெரிக்க வாசகர் அந்த இடத்தில் திடுக்கிட வேண்டும். நம் பிள்ளைகள் எந்தச் சலனமும் இல்லாமல் கடந்து போனார்கள். நம் வீடுகளில் கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைப்பதே வழக்கம். நிமிர்த்தி வைத்தால்தான் அம்மம்மா ஏசுவார். வறுமையின் அடையாளமாக எழுத்தாளர் வைத்த பொருள், நம் குசினியில் சுத்தத்தின் அடையாளமாக இருந்தது.

அதை விளக்குவதற்குச் சொல்லால் முடியவில்லை. விறாந்தை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஐந்து தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, பூச்சட்டியிலிருந்து காய்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து விரலிடுக்கால் மேலே தூவினேன். தட்டுகளை நிமிர்த்தியபோது துணியில் ஐந்து வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. ஹட்டன் பிள்ளை குனிந்து ஒரு வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ இவ்வளவு இடம்தான் அவங்களுக்குச் சாப்பிட மிச்சம்” என்றாள். அன்றைக்குத்தான் ஒரு கொப்பியில் ‘பாவம்’ இல்லாத முதல் வரி எழுதப்பட்டது.

தூசியா, புழுதியா, மண்ணா

தலைப்பில் உள்ள ‘டஸ்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதில் ஒரு பின்னேரம் முழுவதும் போனது. தூசி என்றால் கண்ணில் விழுவது, அலுமாரியின் மேல் படிவது என்றார்கள் கொழும்புப் பிள்ளைகள். மண் என்றால் நிலத்தில் இருப்பது, பறப்பதில்லை. கிளிநொச்சிப் பிள்ளைதான் புழுதி என்றான். உழுத வயலில் காலை வைத்தால் எழும்புவது புழுதி. அதில் நெல்லு விதைப்பதைப் புழுதி விதைப்பு என்று தாத்தா சொல்வார் என்றான்.

அந்தச் சொல்லைத் தொடர்ந்து திருக்குறளின் உழவு அதிகாரத்துக்குப் போனோம். ஒரு பலப் புழுதி (பலம் பழைய நிறையளவு) கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறது 1037 ஆவது குறள். அங்கே புழுதி நல்ல பொருள். உழவனின் உழைப்புக்குச் சாட்சி. அதே நம்பிக்கை ஒக்லஹோமா உழவருக்கும் இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பளித்த ஒற்றுமை. மேல்மண்ணை மாப்போல உடைத்து வைத்தால் கீழே ஈரம் தங்கும் என்றுதான் வறட்சி நில வேளாண்மையில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. காற்று ஓயாத, மரமில்லாத அந்தச் சமவெளியில் உடைத்து வைத்த மண் எழும்பிப் போய்விட்டது. நல்ல உழவு என்று கற்ற ஒன்று, வேறொரு நிலத்தில், வேறொரு அளவில் நாசமாகிறது. பில்லி ஜோவின் தந்தை சோம்பேறியோ மூடரோ அல்லர் என்பது பிள்ளைகளுக்கு அன்று விளங்கியது. அடுத்த குறளையும் ஒரு பிள்ளை விடாமல் வாசித்தாள்: ஏர் உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்று அது சொல்கிறது. 2021 இன் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையை அனுபவித்த பிள்ளைகளுக்கு அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை. எருவே வேண்டாம் என்ற குறளும் எருதான் பெரிது என்ற குறளும் அடுத்தடுத்து நிற்பதில் எது சரி என்று நெடுநேரம் வாதாடினார்கள். நான் குறுக்கிடவில்லை.

வாளி

வாசிப்பு உண்மையில் திரும்பியது ஐந்தாம் வாரத்தில். தீ விபத்துப் பகுதியை நானே உரத்து வாசித்தேன். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. அதிர்ச்சி நாவலில் உள்ளபடியே கிடைக்கட்டும் என்று நினைத்தேன். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து படலையடிக்குப் போய் நின்றுவிட்டாள். அவளுடைய குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. மறுநாள் அவளுடைய தாயைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, எரிகாயமோ மரணமோ வரும் பகுதியை வாசிப்பதற்கு ஒரு வாரம் முன்பே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறேன். விரும்பாதவர் வராமலிருக்கலாம், வீட்டில் பெரியவர் ஒருவரோடு வாசிக்கலாம். கதையின் அதிர்ச்சியைக் காப்பாற்றப்போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டது, இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த பாரதூரமான தவறு. அந்தப் பிள்ளை மூன்று வாரத்துக்குப் பிறகு தானாகவே திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் பேச்சை ஆரம்பித்தது, அதுவரை வாயே திறக்காத ஒரு பையன். “அவர் ஏன் டீச்சர் மண்ணெண்ணெயை அடுப்பிற்குப் பக்கத்தில் வைச்சவர்?” என்று கேட்டான். நாவல் அதற்குக் காரணம் சொல்வதில்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்க, பிள்ளைகளே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, வெள்ளவத்தை மாடிவீடுகளில்கூட மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினார்கள். பிறகு மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. நிரப்பு நிலையத்துக்கு முன்னால் கான்களைக் கைப்பிடியில் கயிறு கோர்த்து வரிசையில் வைத்துவிட்டு, பெரியவர் வேலைக்குப் போக, பிள்ளைகள் காவலிருந்தார்கள். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலம் அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த எண்ணெயை வெளியே வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. தங்கள் வீட்டில் முதலில் பல்கனியில் வைத்ததாகவும், பக்கத்து வீட்டுக் கான் களவு போன பிறகு குசினிக்குள் கொண்டுவந்ததாகவும் ஒரு பிள்ளை சொன்னாள். இன்னொரு வீட்டில் கான் ஒழுகியதால் சோடாப் போத்தலில் மாற்றி ஊற்றி வைத்திருந்திருக்கிறார்கள். மூன்று வயதுத் தம்பி அதைத் தூக்கி வாயருகே கொண்டுபோனபோது தட்டிவிட்டது தான்தான் என்று அந்தப் பையன் சொன்னான். முதலில் கேள்வி கேட்டவனும் அவனே. அருமையான பொருளைக் கண்பார்வையில் வைப்பார்கள், கண்பார்வை என்றால் அடுப்படி. இதுதான் அவர்கள் கண்டுபிடித்த காரணம். எந்தத் திறனாய்வுப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காத விளக்கம்.

அதிலிருந்து பழி பற்றிய பேச்சு இயல்பாகவே எழுந்தது. இழவு வீட்டுக்கு வந்த ஊர்ப் பெண்கள், சிறுமி வாளியை எறிந்தாள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். தந்தை அதை அங்கே வைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு வந்தது இரக்கமல்ல, கோபம். வைத்தவர் யார், ஊற்றியவர் யார், எறிந்தவர் யார் என்று கரும்பலகையில் ஒருத்தி எழுதினாள். மூன்று பெயருக்கும் கீழே, வேறு யாராவது உண்டா என்று நான் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டேன்.

புசல் கணக்கு

அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் தேடித்தான் முதல் வாரத்தில் பயனில்லாமல் கொட்டிய வரலாற்றைத் திரும்ப எடுத்தோம். இம்முறை நான் இரண்டே இரண்டு எண்களை மட்டும் கொடுத்தேன்: 1919 இல் ஒரு புசல் கோதுமை 2 டொலருக்கு மேல் விற்றது, 1932 இல் 38 சதம். புசல் என்றதும் கிளிநொச்சிப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. நெல்லை இன்றும் புசலில்தான் அவனுடைய தாத்தா கணக்குப் பார்க்கிறார். நெல்லுப் புசல் ஏறத்தாழ 21 கிலோ, கோதுமைப் புசல் 27 கிலோ என்று சொல்லிவிட்டுக் கணக்கை அவர்களிடம் விட்டேன். 100 புசல் விற்று 200 டொலர் கண்டவர், அதே 200 டொலரைக் காண இப்போது 526 புசல் விளைவிக்க வேண்டும். அதற்கு ஐந்து மடங்கு நிலம் உழ வேண்டும். உழுதால் மேலும் புல் போகும். எல்லோரும் உழுதால் கோதுமை மேலும் மலியும். கணக்கை முடித்த பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு, “உழைக்க உழைக்கக் கீழேதான் போறாங்கள்” என்றாள். கடன் வாங்கியாவது கோதுமையையே மறுபடியும் விதைக்க வேண்டும் என்ற தந்தையின் பிடிவாதம் அதன் பிறகு வெறும் பிடிவாதமாக அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது. அங்கே புழுதி, இங்கே பசளை, இரண்டும் ஒன்று என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தார்கள். ஒன்றல்ல. இரசாயனப் பசளை இறக்குமதி 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானியால் நிறுத்தப்பட்டது. அந்த நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கினாலும் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. டொலர் கையிருப்பு வற்றி, 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒக்லஹோமாவில் விளைச்சல் மிகுந்து விலை விழுந்ததில் தொடங்கியது துன்பம், மழை பொய்த்தது பிறகு. இங்கே மழை பெய்தது, யூரியா இல்லை, பயிர் மஞ்சளடித்தது. இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டை எழுதச் சொன்னேன். ஒப்பிடுவதைவிட வேறுபடுத்துவதில்தான் அவர்கள் நாவலுக்குள் ஆழமாகப் போனார்கள் என்பது என் துணிபு. தாத்தா அந்தப் போகத்துக்கு அம்மம்மாவின் சங்கிலியை அடைவு வைத்ததையும், பில்லி ஜோவின் தந்தை வாங்கிய கடனை விளைச்சல் வரும் வரை திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதிய கிளிநொச்சிப் பிள்ளை, அந்தக் கடன் நல்ல கடன் என்று எழுதி, பிறகு ‘நல்ல’ என்பதை வெட்டி, ‘பரவாயில்லாத’ என்று திருத்தியிருந்தான்.

கரும்பலகைக் கேள்விக்குறியின் கீழே இறுதியில் பல பதில்கள் சேர்ந்தன. அவற்றை நான் தரவரிசைப்படுத்தவில்லை. ஆனால் சிறுமியின் பெயரை யாரோ ஒருவர் துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள்.

குளம்

கடைசி இரண்டு அமர்வுகளும் நான் திட்டமிடாத ஒரு பொருளைப் பற்றியவை. உயிரோடிருந்தபோது தாய், கோதுமைக்கு இந்த நிலம் ஏற்றதல்ல, சோளம் போன்ற வேறெதையாவது போட்டுப் பார்க்கலாம், ஒரு குளம் வெட்டலாம் என்று தந்தையிடம் சொல்கிறாள். தண்ணீர் நிலத்துக்குள் ஊறிப்போகும், கிணறும் வற்றும் என்று அவர் மறுக்கிறார். அவள் இறந்த பிறகு அதே மனிதர் எவரிடமும் எதுவும் சொல்லாமல் மண்வெட்டியோடு குளம் வெட்டத் தொடங்குகிறார். நான் இதை ஒரு மனிதன் துக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும் விதமாகவே எப்போதும் வாசித்திருந்தேன். அதில் ஒரு மனைவியின் சொல் காலம் கடந்து நிறைவேறுவதைப் பெண்பிள்ளைகள் முதலில் கண்டார்கள். கதை முடியும்போது அவர் சோளத்தை முயன்று பார்க்கவும் நிலத்தில் ஒரு பகுதியைப் புல்லுக்கே விட்டுவிடவும் இணங்குவதையும் அவர்களே அதோடு சேர்த்துக் காட்டினார்கள்.

கிளிநொச்சிப் பிள்ளைக்கு வேறு கவலை. “குளம் வெட்டாமல் ஆரும் வயல் வெட்டுவாங்களா, டீச்சர்?” என்று அவன் கேட்டது உண்மையான திகைப்பில். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் குடும்பம். இந்த ஆண்டு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று கமக்காரர் கூட்டத்தில் தீர்மானித்த பிறகே அங்கே விதைப்பார்கள். தனியொருவர் தன் காணிக்குள் தனக்கென்று குளம் வெட்டுவது என்பதே அவனுக்குப் புதிய செய்தியாக இருந்தது. அந்தச் சமவெளியில் பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அவன் கேட்க, நாவலில் அயலவர் எத்தனை தடவை வருகிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து பக்கம் பக்கமாகத் தேடினோம்.

கடைசி நாளன்று ஒவ்வொருவரும் நாவலிலிருந்து ஒரு பகுதியைத் தமிழாக்கிக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் எழுதிக்கொண்டு வரவில்லை, வரைந்துகொண்டு வந்திருந்தான். பில்லி ஜோவின் தந்தை வெட்டிய குளம். அதற்குக் குளக்கட்டு போட்டு, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்வதற்கு ஓரிடம் விட்டு, நடுவில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு வைத்திருந்தான். நாவலில் இதெல்லாம் இல்லையே என்றேன். “துருசு இல்லாட்டி அது கிடங்கு, டீச்சர்” என்றான். கட்டின் மேல், வெட்டுக்கிளி தின்று மொட்டையாக்கிய தாயின் அப்பிள் மரங்கள் இரண்டையும் இலையோடு வரைந்திருந்தான். துருசிலிருந்து இறங்கிய வாய்க்காலை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல், தாளின் விளிம்பு வரை கோடு இழுத்து விட்டிருந்தான்.